ஸல்ஹாவின் அறையில் எலிகள்

எலி என்றாலே எனக்குக் குமட்டும். நெல் மூட்டைக்குள் ஓடுகிற எலியை விளக்குமாற்றால் அடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு பெரிய மனிதர் அதைக் கூட்டில் விட்டு, சோறு போட்டு, வீட்டுக்குள் வைத்து வளர்த்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பெரிய மனிதர் என் மூத்த ராத்தா ஸாலிஹாவின் புருஷன், எனக்கு மச்சான், கலீலுர் றஹ்மான் மாஸ்டர். மிதவைப் பாதையில் களப்பைக் கடந்து திருகோணமலை டவுனுக்குப் போய் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

எங்கள் வீடு குறிஞ்சாக்கேணியில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். ஒவ்வொரு மகளைக் கட்டிக்கொடுக்கும்போதும் உம்மா ஓர் அறையைக் கொடுத்துவிட்டுத் தான் பின்னுக்குப் போவா. முன் அறை ஸாலிஹா ராத்தாவுக்கு. நடு அறை எனக்கு. உம்மா இப்போது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறா. மிச்சமிருந்த பின் அறை கடைக்குட்டி ஸல்ஹாவுக்கு. அவளுக்கு மூதூரில் அன்ஸார் என்று ஒரு நல்ல பொடியனைப் பேசியிருந்தோம். அறை இல்லையென்றால் கலியாணமும் இல்லை. இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை.

அந்த அறைக்குள்தான் மச்சான் எலிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மாதத்துக்கு என்றார். நோன்பு போய் ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது, கூடு போகவில்லை. ஸல்ஹா கூட்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். வேறெங்கே படுப்பாள்? கூடத்தில் பாதியை மச்சானின் அலுமாரியும் மேசையும் பிடித்திருந்தன. நானும் என் புருஷனும் பிள்ளைகளும் கிடந்த நடு அறையில் கால் நீட்டவே இடமில்லை.

அமெரிக்காவில் யாரோ செய்த ஆராய்ச்சியாம், ஏதோ சஞ்சிகையில் வாசித்தாராம். எலிகளுக்குச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கக் கூடாது, இடத்தை மட்டும் கூட்டக் கூடாது. அவை பெருகிப் பெருகிக் கடைசியில் என்ன ஆகின்றன என்று பார்க்க வேண்டும். பார்த்தோமே! ஒன்றின் வாலை ஒன்று கடித்தது. தாய் எலி குட்டியை வாயில் தூக்கிக்கொண்டுபோய் நடுவழியில் போட்டுவிட்டு மறந்துபோனது. போட்ட குட்டியை மற்றவை தின்றன. சில ஆண் எலிகள் சண்டைக்கும் போகாமல், பெட்டையையும் பாராமல், நாள் முழுக்கத் தங்கள் மயிரையே நக்கிக்கொண்டிருந்தன. தட்டுத் தட்டாகப் பிரித்த அந்தக் கூட்டில் ஒரு கொழுத்த கடுவன் மட்டும் ஓரத் தட்டின் வாசலில் படுத்துக்கொண்டு, தன் பெட்டைகளைத் தவிர எதையும் உள்ளே விடாது. அந்தத் தட்டுக்குள் தாராளமாக இடம் கிடந்தது. மற்றவை நடுத் தட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நாறின. அந்தக் கடுவனைப் பற்றி மச்சான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அது பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். நாங்கள் மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றோம். கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற அரிசியில் எலிகளுக்குப் பங்கு போனது. கேட்டால், "சாப்பாடு குறைஞ்சா பரிசோதனை பிழையாப் போகும், ஜெஸீமா" என்பார். என் பிள்ளைகளுக்குக் குறைந்தால் ஒன்றும் பிழையாகப் போகாது! எனக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். டவுனில் ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு இந்த எலிக் கதையைப் பற்றிப் பேசப் போனார். மச்சான் பேசுகிறாரே என்று என் புருஷன் ஜெமீல் சாரத்தை மடிப்புக் குலையாமல் உடுத்திக்கொண்டு கேட்கப் போனார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற மனிதர், வேலை கிடைக்கிற நாளைவிடக் கிடைக்காத நாள்தான் கூட. திரும்பி வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"என்ன நடந்த?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு வீட்டைத் தெரியும் எண்டு பேசினார். சனம் நெருங்கின வீடாம். அங்க ஒரு ஆம்பிளை வேலை வெட்டி இல்லாம நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு தலை இழுக்கிறானாம். பிள்ளையள் தங்களுக்குள்ள கடிபடுதாம், தாய்க்குக் கவனமில்லையாம். நெருக்கத்தில மனிசனும் எலிதானாம். எல்லாரும் சிரிச்ச, ஜெஸீமா. நானும் சிரிச்சனான்."

நானும் சிரிச்சனானாம்! எங்கள் சோற்றையும் தின்றுகொண்டு எங்களையே கூட்டுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார், சீ!

அந்த மண்டபத்தில் அன்ஸாரின் மாமா ஒருவரும் இருந்திருக்கிறார். எந்த வீடு என்று அவருக்குப் புரியாமல் இருக்குமா? மறுகிழமையே மாப்பிள்ளையின் உம்மா மைமூனா சொல்லியனுப்பினா: வெள்ளிக்கிழமை வருகிறோம், பெண்ணுக்குக் கொடுக்கிற அறையைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் மற்றக் கதை.

வியாழக்கிழமை காலையில் ஸல்ஹா கலியாணச் சேலையைக் காற்றாட வைக்கப் பெட்டியைத் திறந்தாள். கூட்டிலிருந்து தப்பிய எலி பெட்டியின் மூலையைக் கடித்து ஓட்டையாக்கியிருந்தது. சேலை மடிப்புக்குள் தலையில்லாத ஒரு குட்டி, ரத்தம் காயாமல் கிடந்தது. அதைத் தாளில் எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

நான் நேரே முன் விறாந்தைக்குப் போனேன். மச்சான் கதிரையில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இண்டைக்கே அந்த நாசத்தை வெளியால எடுங்க. நாளைக்கு அவங்க வாறாங்க."

"இப்ப எடுக்க ஏலாது. இன்னும் கொஞ்ச மாசம் பார்க்கோணும்."

"அப்ப ஸல்ஹாட கலியாணம்?"

"தள்ளிப் போடுங்களன். நான் உள்ளதைச் சொல்றன், கோவிக்காதீங்க. இந்த வீட்டுக்குள்ள இன்னுமொரு குடும்பம் வந்தா இது வீடில்ல, கூடு. அதைத்தானே நான் விஞ்ஞானமாக் காட்டுறன்."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. ஸாலிஹா ராத்தா வாசலுக்கு வந்தா. கலியாணமான நாளிலிருந்து புருஷனுக்கு எதிராக ஒரு சொல் சொல்லாத மனுஷி. கையில் அவரது தலையணையும் பெட்டியும்.

"இது ஆர்ட அறை?" என்று கேட்டா.

"என்ன கேள்வி இது, ஸாலிஹா?"

"உம்மா எனக்குத் தந்த அறை. உங்களுக்கில்ல. நான் இதைத் தங்கச்சிக்குக் குடுக்கிறன்."

"அப்ப நாங்க?"

"நானும் பிள்ளையளும் உம்மாவோட குசினியில. உங்களுக்குப் பின் அறை. எலியளைப் பக்கத்தில இருந்தே பார்க்கலாம், இன்னும் வசதி."

அவர் சிரிக்கப் பார்த்தார். ராத்தா சிரிக்கவில்லை. பெட்டியைக் கொண்டுபோய்ப் பின் அறையில் வைத்துவிட்டு வந்து அலுமாரியைப் பிடித்தா. மறுபக்கத்தை என் புருஷன் ஓடிவந்து பிடித்தார். அப்படி ஒரு வேகத்தை நான் அவரிடம் கண்டதில்லை. குசினிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த உம்மா, உள்ளே போய்த் தன் பாயை ஒரு பக்கமாக ஒதுக்கினா. வாடகைக்கு வேறு இடம் போவதென்றால் மச்சானின் சம்பளத்துக்குக் கட்டாது. அது அவருக்கும் தெரியும், ராத்தாவுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மைமூனா வந்தா. முன் அறைச் சுவரைத் தட்டிப் பார்த்தா, ஜன்னலைத் திறந்து பார்த்தா. மூக்கைச் சுருக்கி, "என்ன மணம் இது?" என்றா. "பின்னால மாஸ்டர் இருக்கிறார்" என்றேன். அவ வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு, அறை நல்லம், நாளைக் குறிப்போம் என்றா. கதவுக்குப் பின்னால் நின்ற ஸல்ஹா என் கையை நோகப் பிடித்தாள்.

அதற்கு அடுத்த நாள் காலை மச்சான் கிணற்றடிக்கு வந்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. சட்டையை மோந்து பார்த்தார், மூக்கைச் சீறினார், பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து உண்மையாகவே விளங்காத மனுஷன் மாதிரிக் கேட்டார்:

"அல்லாஹ்வே, இந்த நாத்தத்துக்குள்ள மனிசர் எப்படிப் படுக்கிற?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸல்ஹா, அரிசி கழுவிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தினாள்.

"முதல்ல கொஞ்ச நாளைக்குத்தான் மச்சான் கஷ்டம்" என்றாள். "பிறகு பழகிரும்."