இருபத்திரண்டு வருட வலி

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியைத் தொழிற்சாலையில் எல்லோரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயத்த ஆடை வெட்டும் மேசையில் அவளுக்கு வேலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவள் வாய். எதையும் உள்ளது உள்ளபடி சொன்னால் அவளுக்குத் திருப்தி வராது. பஸ் கால் மணி நேரம் தாமதமானால், நின்ற இடத்தில் வேர் விட்டுவிட்டது என்பாள். மெக்கானிக்கோ பேச்சில் சிக்கனக்காரன். வீட்டில் இரண்டு பேர் பேச்சையும் அவளே பேசிவிடுவதால் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை.

துணி வெட்டும் வேலை நாள் முழுக்க நின்று செய்வது. ஐம்பது அடுக்குத் துணியை விரித்து, மேலே அளவுத்தாளை ஒட்டி, மெஷின் கத்தியைக் கோடு தப்பாமல் நகர்த்த வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் வலது இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. சுளுக்காக இருக்கும் என்று தைலம் தேய்த்தாள். பிறகு படியேற முடியவில்லை. பிறகு திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், இடுப்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது, செயற்கை மூட்டு வைப்பதுதான் ஒரே வழி என்று சொன்னார்.

மெக்கானிக் பயந்தான், ஆனால் கலங்கவில்லை. நான்கு வருடமாக மனைவி, மகள் என்று குடும்பத்துக்கே ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டி வந்தான். லிஃப்ட் கயிறு அறுந்தாலும் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு பிரேக் இருக்கும் என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்த நம்பிக்கை.

தனியார் மருத்துவமனையில் சேர்த்த அன்று காலை ஓர் இளம் டாக்டர் காகிதங்களோடு கட்டிலருகே வந்து நின்றார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, வலி எவ்வளவு நாளாக இருக்கிறது என்றார்.

"அதை ஏன் கேக்குறீங்க டாக்டர்," என்றாள் அவள், கணவனைக் கண்ணால் காட்டி. "இவரைக் கட்டின நாள்லேருந்து வலிதான்."

நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் சிரித்தபடி, கல்யாணமாகி எத்தனை வருடம் என்று விசாரித்தார். இருபத்திரண்டு என்றாள். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மெக்கானிக்குக்கும் சிரிப்பு வந்தது. இந்த வலியிலும் இவளுக்கு வாய் போகவில்லையே என்று உள்ளுக்குள் ஆறுதலாகக்கூட இருந்தது.

மறுநாள் மதியம் இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தது. நோயாளிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக இடுப்பு வலி இருப்பது மருத்துவமனைக் குறிப்பிலேயே பதிவாகியுள்ளது; பாலிசி எடுக்கும்போது அது மறைக்கப்பட்டுள்ளது; ஆகவே அனுமதி இல்லை. மெக்கானிக் மூன்று தடவை படித்தான். முதலில் கோபம் வரவில்லை. வேறு யாருக்கோ வந்த கடிதம் என்றுதான் நினைத்தான். சாயங்காலத்துக்குள் அறுவை செய்யாமலே அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

அடுத்த நாள், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தான்.

"அது தமாஷுங்க. என் வீட்டுக்காரி தமாஷுக்குச் சொன்னது."

"புரியுது சார்," என்றது ஒரு பெண் குரல். "ஆனா ரெக்கார்டுல தமாஷுன்னு போடலையே சார்."

மேலதிகாரிக்கு மாற்றச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் வேறு குரல். ஒவ்வொரு குரலுக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பெண்டாட்டி தன்னைக் கிண்டல் செய்ததை முன்பின் தெரியாதவர்களுக்கு மன்றாடி விளக்கினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

இளம் டாக்டரைத் தேடிப் போனான். நடந்ததைச் சொன்னான். சிரித்துக்கொண்டே எழுதியதுதான், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றார். தான் தவறாகக் குறித்துவிட்டதாகவும், வலி எட்டு மாதமாகத்தான் என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுப்புக்குப் பின் திருத்தப்பட்ட சான்றை ஏற்பதற்கில்லை என்று கம்பெனி பதில் அனுப்பியது. வேண்டுமானால், பாலிசிக்கு முன்பு வலி இருந்ததில்லை என்பதற்கு ஆதாரம் தரலாமாம்.

இல்லாத வலிக்கு எந்த ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவார்கள்? ஆனாலும் தேடினான். ஒரு நாள்கூட உட்காராமல் வேலை செய்தவள் என்று தொழிற்சாலை சூப்பர்வைசரிடம் கடிதம் வாங்கினான். ஆறு வருடத்துக்கு முன் தங்கை மகனை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நிற்கும் போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்தான். எல்லாவற்றையும் அனுப்பினான். அதே மறுப்புக் கடிதம் திரும்ப வந்தது, தேதி மட்டும் மாறி.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவர்களுடைய கிளை அலுவலகத்துக்கே போனான். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, குறுக்கிடாமல் கேட்டார். போட்டோவைக்கூடக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நான் உங்களை நம்புறேங்க. ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? முடிவு பண்றவங்க தலைமை ஆபீஸ்ல இருக்காங்க. அவங்க யாருன்னு எனக்கே தெரியாது."

அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. சட்டையைப் பிடித்து ஏண்டா என்று கேட்க ஓர் ஆள். எதிரே இருந்தவரோ தண்ணீர் கொடுத்தவர். நன்றி சொல்லிவிட்டு எழுந்து, படிவழியாக இறங்கினான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரும் இல்லை. சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீங்கிய கையை அவள் பார்த்தாள். லிஃப்ட் கதவு இடித்துவிட்டது என்றான். அவள் நம்பவில்லை.

"தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க," என்றாள். "நான் கெட்டது போதாதுன்னு உங்களையும் நாய் பாடு பட வெச்சுட்டேன்."

"உன் மேல என்ன தப்பு? நானும்தானே சிரிச்சேன்."

அவள் தன் இடுப்புக்கு வைத்திருந்த தைலத்தை எடுத்து அவன் கையில் தேய்த்தாள்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விடிவதற்கு முன் வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல்தான் டாக்டரைப் பார்க்க முடிந்தது. எத்தனை நாளாக வலி என்று அவரும் கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணி, பதினோரு மாதம் ஒன்பது நாள் என்றாள். எண்ணி முடிக்கும்வரை மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செயற்கை மூட்டுக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றரை வருடமாவது ஆகும் என்றார்கள்.

தொழிற்சாலையில் அவளை வெட்டு மேசையிலிருந்து எடுத்து, உட்கார்ந்து பொத்தான் சரிபார்க்கும் இடத்துக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த பெண்கள் அவளை அமைதியான அக்கா என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாலிசி முடியப்போகிற வாரம் ஒரு காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கட்டணத்தைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும் நாலு வருடமும் வீணாகிவிடும் என்றாள் ஒரு பெண். மெக்கானிக் இத்தனை மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசவெல்லாம் தொண்டைவரை வந்தது. இடுப்பு தவிர எல்லா நோய்க்கும், வீட்டில் எல்லோருக்கும் கவர் உண்டு என்று அவள் வாசித்துக்கொண்டே போனாள். அவனுக்கு வயது நாற்பத்தொன்பது. பத்து மாடிக் குழிக்குள் தொங்குகிற வேலை. மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"கட்டிடுறேன்," என்றான்.

மனைவி வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். யார் என்று கேட்டாள். சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் குனிந்து அவள் வலது காலில் செருப்பை மாட்டிவிட்டான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள், நின்று மூச்சு விட்டாள், அடுத்த படி இறங்கினாள்.