நாலு நாற்பதுக்கு வந்த போன்

என் கை ஒருவனுடைய வயிற்றுக்குள் இருந்தபோது என் மிச்ச வாழ்க்கையை முடிவு செய்யச் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. வலியப் போய் மாட்டிக்கொண்டவள் நான்தான்.

மேற்படிப்புக்கு எந்தத் துறை வேண்டும் என்று இணையத்தில் வரிசைப்படுத்தி, அன்று மாலை ஐந்துக்குள் லாக் செய்ய வேண்டும். தவறினால் ஒரு வருடம் அம்போ. என் ரேங்குக்கு, முதலில் எதைப் போட்டாலும் அதுவே கிடைக்கும். மூன்று நாளாகக் காலையில் நான் சர்ஜரியை மேலே ஏற்றுவேன். நான் டியூட்டிக்குப் போனதும் என் கணவர் தோல் துறையை ஏற்றுவார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அம்மா வேறு தினமும் போனில், "முகப்பருவுக்கு எவனாவது நடுராத்திரி உன்னை எழுப்புவானா? யோசிச்சுப் பாரு" என்பாள். எழுப்ப மாட்டான்தான். எழுப்ப வேண்டும் என்றல்லவா எனக்கு இருந்தது, அதை எந்த வாயால் அம்மாவிடம் சொல்வது?

மூன்று மணிக்கு லாக் செய்யலாம் என்று உட்கார்ந்தபோதுதான் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் கேட்டார்கள். விபத்துக் கேஸ், மண்ணீரல் கிழிந்து ரத்தம். சர்ஜன் மேடத்துக்குத் துணை நிற்க வேண்டிய சீனியர்கள் எல்லோரும் பக்கத்துத் தியேட்டரில். புத்தியுள்ளவள் இரண்டு நிமிடம் செலவழித்து லாக் செய்துவிட்டுப் போயிருப்பாள். நான் போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவ ஓடினேன்.

ஒன்றரை மணி நேரமாக விலா எலும்பை ஒதுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் விட்டால் எதிரே நிற்கும் சர்ஜன் மேடத்துக்கு ரத்தக்குழாய் தெரியாது.

"உங்க வீட்டுக்காரர் நாலு தடவை கூப்பிட்டுட்டாரு டாக்டர்," என்று நர்ஸ் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, மணி நாலு நாப்பது. இன்னும் லாக் ஆகலியே. நான் பண்ணிடட்டுமா? உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லு."

"மேல எது இருக்கு?"

"தோல்தான். மாத்தணும்னா சொல்லு, மாத்திடறேன். ஆனா ஒண்ணும்மா. இன்னும் மூணு வருஷம் பாப்பாவைத் தனியா பாத்துக்க என்னால முடியாது. நெஜமா முடியல."

ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியாது. மயக்க மருந்து டாக்டர் திடீரென்று மானிட்டரை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். என் கணவர் மிரட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஒரு வருடமாகப் பாப்பாவுக்குத் தலை வாரி, சோறூட்டி, அவளுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டு வீட்டில் இருந்த மனுஷன், இப்போது கெஞ்சுகிறார். அவர் நல்லவராக இருப்பதே எனக்கு ஆத்திரமாக வந்தது.

மேடத்தைப் பார்த்தேன். போன வாரம்தான், இந்தக் கையை வீணாக்கிவிடாதே என்று என்னிடம் சொன்னவர். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடுவேன்.

"ஆடாதே. இன்னும் கொஞ்சம் இழு," என்றார்.

சர்ஜரியை மேலே போடுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

"இருக்கறபடியே இருக்கட்டும்."

நர்ஸ் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஏழு, ரெண்டு, ரெண்டு, ஒம்போது," என்று படித்தேன்.

"ஆயிடுச்சும்மா," என்றார். வைத்துவிட்டார்.

மேடம் முடிச்சை இறுக்கினார். குழிக்குள் ரத்தம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். ஊறவில்லை. "நின்னுடுச்சு. கையை எடுத்துக்கோ." விரல்கள் பிடித்த பிடியிலேயே மரத்துப்போயிருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

மேடம் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து, நர்ஸின் கையிலிருந்த போனைப் பார்த்தார். "போன் வந்துதா என்ன? எனக்குக் காதுலயே விழல. யாரு?"

அப்படி எதுவுமே காதில் விழாமல் நிற்கத்தான் நான் ஆசைப்பட்டேன்.

"வீட்டுலேர்ந்து மேடம்," என்றேன். "ஒண்ணுமில்ல."