ஹாண்டோவர்: டிசம்பர் 1994

இரத்தினசிங்கம் கதிரையில் ஏறி நின்று அலுமாரிக்கு மேலே கையை நீட்டியபோது குமுதினி ஓடிவந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த சூட்கேஸ் வேண்டாம் மாமா. அதுக்குள்ள ஒண்டுமில்லை."

"வேட்டி அதுக்குள்ளதான் கிடக்கெண்டு கொம்மா சொல்லுறா, பிள்ளை."

"புது வேட்டி ஒண்டு கீழ்க்கடையில வாங்கலாம்தானே?"

வள்ளிநாயகி கட்டிலில் சாய்ந்திருந்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து அழுது குரல் அடைத்துப்போயிருந்தது. ஆனால் வேட்டி விஷயத்தில் குரல் எழும்பியது.

"கலியாணத்துக்குக் கட்டின பட்டுவேட்டி வீட்டில இருக்கேக்க, அந்த மனுசனைக் கடை வேட்டியோட அனுப்பச் சொல்லுறியோ? இறக்குங்கோ தம்பி."

குடும்பத்துக்குப் பழக்கமான ஊர்க்காரர் இரத்தினசிங்கம் இறக்கினார். அலுமாரியின் மேல் ஆறு வருடமாகச் சேர்ந்த தூசி அவருடைய சட்டையில் கொட்டியது. எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் யாழ்ப்பாணம் போகவில்லை. போகாத ஊருக்கு சூட்கேஸ் எதற்கு என்று அதை அலுமாரிக்கு மேலே ஏற்றியவர் வள்ளிநாயகியின் புருஷன் தியாகராசாதான். நேற்று இறந்த அவரும் இப்போது ஊருக்குப் போவதற்கில்லை. ஊரில் இந்தியன் ஆமி நின்றது, விமானத்தில் கொழும்பு வரை கொண்டுபோனாலும் அதற்கு அப்பால் பெட்டியைக் கொண்டுபோக ஆளும் இல்லை, பாதையும் இல்லை. மஸ்கட்டிலேயே எரிப்பது என்று முடிவாகியிருந்தது. விசாவுக்குப் பொறுப்பு நின்ற அரபு முதலாளியின், அதாவது கஃபீலின், கையெழுத்து காலையிலேயே கிடைத்துவிட்டது. இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுப்பார்கள். அதற்கு முன் வேட்டி அங்கே போய்ச் சேரவேண்டும்.

"விடுங்கோ மாமா, நான் திறந்து எடுக்கிறன்," என்றாள் குமுதினி. பதினேழு வயதில் அவள் இவ்வளவு விரைவாக ஒரு வீட்டு வேலைக்கு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து பிளாட் மெஹர்பானு கூட, தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றவள், "பாவம், தகப்பனுக்குக் கடைசியாச் செய்யிறது, அதான் புள்ள பதறுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதறியது உண்மைதான். வேட்டிக்கு அடியில், பழைய கம்பளிக்கும் சூட்கேஸின் அட்டைக்கும் நடுவே, ஒரு பழுப்பு நிற உறை கிடந்தது. அதை அங்கே வைத்தவள் அவள்.

தியாகராசா ஒரு கட்டடக் கம்பனியில் பிளானிங் கிளார்க்காக இருந்தார். பாலமோ பள்ளிக்கூடமோ, எந்த வேலை வந்தாலும் எது எப்போது முடியவேண்டும் என்று கட்டங்களாகக் காட்டும் பார் சார்ட் ஒன்றை அதற்குக் கீறுவது அவர் தொழில். சாவியை ஒப்படைக்கும் நாளை, அதாவது ஹாண்டோவரை, முதலில் எழுதிவிடுவார். பிறகு பின்னுக்கு வருவார். கூரைக்கு இத்தனை நாள், சுவருக்கு இத்தனை நாள், அத்திவாரம் இன்ன தேதியில் தொடங்கினால்தான் சரி. இடையில் ஏதாவது பிசகினால் தாங்குவதற்குச் சில நாட்களைச் சும்மா விட்டுவைப்பார். அந்தச் சும்மா நாட்களுக்கு ஃப்ளோட் என்று பெயர். "ஃப்ளோட் இல்லாத பிளான் பிளானே இல்லை," என்று சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். வீட்டில் வேறு யாருக்கும் அதில் அக்கறை இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவேயில்லை.

ஒன்பது வயதில் குமுதினி காய்ச்சலில் கிடந்தாள். ஊசி போட்ட டொக்டரம்மாவின் மணிக்கூடு வடிவாக இருந்தது. டொக்டரம்மா போனதும், "நானும் டொக்டராகத்தான் வருவன்," என்றாள். பிள்ளைகள் காய்ச்சலில் எத்தனையோ சொல்லும். தியாகராசா அடுத்த வெள்ளிக்கிழமை டிரேசிங் தாளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது ஓரத்தில் முதலில் எழுதியது: ஹாண்டோவர், டிசம்பர் 1994. அங்கிருந்து பின்னுக்கு வந்து, எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதற்கு முன் அட்மிஷன், அதற்கு முன் பிளஸ் டூ, அதற்கு முன் எட்டாம் வகுப்பில் கணக்குக்கு டியூஷன் என்று, காய்ச்சல் விடாத பிள்ளையின் கட்டில் வரைக்கும் வந்து சேர்ந்தார். தாள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டது. ஒவ்வொரு வேலை முடியும்போதும் அந்தக் கட்டத்துக்குச் சிவப்புப் பென்சில் தீட்டுவார். எட்டு வருடமாக ஒரு கட்டமும் பிந்தவில்லை.

விண்ணப்பம் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரிக்கு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று அங்கே கொஞ்ச இடங்கள் இருந்தன. ஏப்ரல் முப்பதுக்குள் போய்ச் சேரவேண்டும். அவரே படிவத்தை நிரப்பி, உறையில் தன் அச்சுப்போன்ற கையெழுத்தில் விலாசமும் எழுதி, அவளிடம் கொடுத்தார். பிரின்ஸிபல் மாதிரிப் பரீட்சைப் புள்ளிகளை எழுதிக் கையொப்பமிட்டதும், பள்ளி விட்டு வரும் வழியில் மஸ்கட்டின் ரூவிப் பகுதியிலிருந்த தபாற்கந்தோரில் ரெஜிஸ்டர் பண்ணவேண்டும். அவ்வளவுதான் அவளுடைய வேலை.

பௌதிகத்தில் அவள் எடுத்தது நாற்பத்தொன்று. வீட்டில் சொன்னது எழுபத்தெட்டு. அந்தப் படிவம் பிரின்ஸிபலின் மேசைக்குப் போகவேயில்லை. ஒரு கிழமை புத்தகப் பைக்குள் இருந்தது, பிறகு யாரும் திறக்காத சூட்கேஸுக்குள் போனது.

"போட்டிட்டியோ பிள்ளை?"

"போட்டிட்டன் அப்பா."

"ரெஜிஸ்டர் துண்டு எங்க?"

"துலைஞ்சு போச்சு."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர், "பரவாயில்லை, போட்டதுதானே முக்கியம்," என்று சொல்லிவிட்டு, அலுமாரியைத் திறந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

அங்கே தபால் வீட்டுக்கு வருவதில்லை. கம்பனிக்குத் தபாற்கந்தோரில் ஒரு பெட்டி உண்டு. அதன் திறப்பைக் கேட்டு வாங்கித் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டு, மே மாதம் பிறந்ததிலிருந்து தினமும் மத்தியானம் ஒஃபீஸிலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பின்னேரம் வீட்டுக்குள் நுழையும்போதே, "இண்டைக்கும் இல்லை," என்பார். "வரும் அப்பா," என்பாள் அவள். சொல்லச் சொல்ல அதுவும் வாய்க்குப் பழகிவிட்டது.

நேற்றுக் காலை அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே நெஞ்சைத் தடவினார். "இண்டைக்கு வெயில் கூடவா இருக்கும்போல. தபாற்கந்தோருக்கு நாளைக்குப் போவம்."

"போய்ப் பாருங்கோ அப்பா," என்று அவள் சொன்னாள். "இண்டைக்கு எப்பிடியும் வந்திருக்கும்."

ஏன் சொன்னாள்? ஆவலாக இருப்பதுபோல் காட்டவேண்டியிருந்தது, அதற்காகத்தான். வேறு ஒரு காரணமும் இல்லை. நேற்றிலிருந்து அவள் எத்தனை தரம் யோசித்தும் வேறு காரணம் ஒன்று அகப்படவில்லை. பதினொன்றே முக்காலுக்கு, தபாற்கந்தோரின் வரிசையில், முன்னால் நின்ற ஆளின் மேல் அவர் சரிந்தார்.

சூட்கேஸ் நாப்தலின் நாற்றத்தோடு திறந்தது. குமுதினி முதுகால் எல்லாரையும் மறைத்துக்கொண்டு குந்தினாள். வேட்டியையும் சால்வையையும் தூக்கியபோது உறையும் கூடவே வந்தது. அதைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, வேட்டியைத் தாயின் மடியில் வைத்துவிட்டு, தலையணை உறை மாற்றுகிறவள்போல் உள்ளறைக்குப் போய் அதைத் தன் தலையணைக்குள் தள்ளினாள். யாரும் பார்க்கவில்லை.

அப்பாடா என்று இருந்தது. தகப்பன் செத்து ஒரு நாள் ஆகவில்லை, அவளுக்கு நிம்மதி வந்தது. அது வந்த வேகத்தில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கண்ணாடி இருந்த பக்கம் பார்க்காமல் வெளியே வந்தாள்.

முன்னறையில் இரத்தினசிங்கம் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி. மணிக்கூடு. சாவிக்கொத்து. கடைசியாக ஒரு கடித உறை.

"இது அண்ணையின்ரை கையில இருந்தது அக்கா. பெட்டியைப் பாத்திட்டு, இதை ரெஜிஸ்டர் பண்ணத்தான் லைன்ல நிண்டவராம். நேற்றுத் தர மறந்துபோனன்."

உறையின் மூலையில் மூன்று முத்திரைகள் அடிமட்டம் வைத்ததுபோல் நேராக ஒட்டியிருந்தன. வள்ளிநாயகி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"ஒரு கிழமையா மேசையில இருந்து எழுதினவர். எழுதுறதும் கிழிக்கிறதும். என்னண்டு கேட்டால், ஒஃபீஸ் விஷயம் எண்டவர். உடைச்சு வாசி பிள்ளை. கடைசியா எழுதினது, என்னண்டு எனக்குத் தெரியவேணும்."

குமுதினி ஓரத்தைக் கவனமாகப் பிரித்தாள். கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதம் அது.

ஐயா, என் மகளின் விண்ணப்பம் ஏப்ரல் முப்பதுக்குள் தங்களுக்குக் கிடைத்திருக்கவேண்டும். இதுவரை தகவல் இல்லாததால், பிந்தி வந்து சேர்ந்திருக்குமோ என்று அஞ்சுகிறேன். அப்படியானால் அதில் அவளுடைய பிழை எதுவும் இல்லை. நான் சொன்ன நாளில் அவள் தபாலில் சேர்த்துவிட்டாள். தபாலுக்கென்று நான் பதினான்கு நாட்களே ஒதுக்கினேன். திட்டம் போடுவதே என் தொழில், இருந்தும் இந்த இடத்தில் குறைத்துக் கணக்கிட்டுவிட்டேன். தகப்பன் விட்ட பிழைக்காகப் பிள்ளையைத் தள்ளிவிடவேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவள் பௌதிகத்தில் எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்தவள்.

"என்னவாம்?" என்றாள் வள்ளிநாயகி.

குமுதினி கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். 

"போட்டது கிடைச்சதோ எண்டு கேட்டிருக்கிறார்."

"அவ்வளவுதானோ? அதுக்கோ ஒரு கிழமை?"

"அவ்வளவுதான் அம்மா."

இரத்தினசிங்கம் வேட்டியையும் சால்வையையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "நான் போற வழியில தபாற்கந்தோர்ல நிப்பாட்டி அதைப் போட்டுவிடட்டோ அக்கா? அண்ணை செய்ய நினைச்சது."

"வேண்டாம் தம்பி, உங்களுக்கு நேரமாகுது. பிள்ளையிட்டையே இருக்கட்டும்," என்றாள் வள்ளிநாயகி. "முந்தினதையும் அவள்தானே கொண்டுபோய்ப் போட்டவள்."

இரத்தினசிங்கம் போய்விட்டார். மெஹர்பானு, "மத்தியானச் சோறு நான் ஆக்கிக் கொண்டாறேன், நீங்க ஒண்ணும் அடுப்பு மூட்டாதீங்க," என்று சொல்லி, ஒரு கிளாஸ் தண்ணீரைக் கட்டிலருகே வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கம் இல்லை. தாயும் மகளும் நேற்று ஆஸ்பத்திரியில் பார்த்ததுதான் கடைசி. இனி அவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

குமுதினி மேசையருகே நின்றாள். பிளஸ் டூ ரிசல்ட் வர இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த நாற்பத்தொன்று போலத்தான் அதிலும் வரும், எப்படியும் ஊர் அறியும், அதற்கு அவள் பயந்துதான் இவ்வளவும் செய்தாள். இப்போது அது ஒரு பயமாகவே தெரியவில்லை. முந்தினதையும் அவள்தானே போட்டவள் என்று தாய் சொன்ன அந்தக் குரல்தான் காதுக்குள் நின்றது. அதில் கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளறைக்குப் போனாள். தலையணைக்குள் கையை விட்டாள். திரும்பி வந்து பழுப்பு உறையைத் தாயின் மடியில் வைத்தாள்.

வள்ளிநாயகி முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு மற்ற உறையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் புருஷனின் எழுத்து தெரியாதா? இரண்டிலும் ஒரே விலாசம், ஒரே உயரத்தில், ஒரே சரிவில். வித்தியாசம் மூலையில்தான் இருந்தது. பழுப்பு உறையின் மூலை வெறுமையாக இருந்தது. அந்த வெறும் இடத்தைப் பெருவிரலால் ஒருதரம் தடவினாள்.

"எப்ப தொட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏப்ரல்ல இருந்து."

அடிப்பாள் என்று குமுதினி காத்திருந்தாள். அடிக்க வசதியாகக் கட்டிலுக்குக் கிட்டப் போய் நின்றாள். வள்ளிநாயகி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.  பிறகு கிளாஸில் விரலை நனைத்து, தியாகராசாவின் உறையிலிருந்த முதலாவது முத்திரையின் ஓரத்தில் வைத்தாள். ஊறவிட்டாள். நகத்தால் மெல்லக் கிளப்பினாள். கிழியாமல் வந்தது. அதைப் பழுப்பு உறையின் மூலையில் ஒட்டினாள். இரண்டாவதுக்கு மறுபடியும் விரலை நனைத்தாள்.

"தபாற்கந்தோர் எத்தினை மணிமட்டும் திறந்திருக்கும்?"

"ரெண்டு மணிமட்டும்."

"அப்ப இப்ப போனாலும் பிடிக்கலாம்," என்றாள் வள்ளிநாயகி. "உடுப்பை மாத்து."

கடைசித் தேதி, ஏப்ரல் முப்பது, அலுமாரிக் கதவின் உட்பக்கம், இங்கிலீஷில், சிவப்புக் கட்டத்துக்கு மேலே எழுதியிருந்தது. குமுதினி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு உடுப்பு மாற்றப் போனாள்.

அவள் திரும்பி வந்தபோது மூன்று முத்திரைகளும் மாறியிருந்தன. மூன்றாவது கொஞ்சம் சரிந்துவிட்டது. வள்ளிநாயகி அதன்மேல் பெருவிரலை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். பசை காயும்வரை விரலை எடுக்கவில்லை.