கழுவிய பாட்டில்

ஆரோக்கியமணி கழுவிய கண்ணாடியில் ஒரு சொட்டுத் தடம்கூட நிற்காது. தண்ணீர் பரிசோதனை லேபில் ஆறு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. கழுவுவாள், கவிழ்ப்பாள், அதோடு சரி. பிறகு அந்தப் பாட்டில்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் காதில் விழுந்திருந்தது. தண்ணீரில் மலம் கலந்திருந்தால், அது மனிதனுடையதா மாட்டினுடையதா என்று கிருமியை வைத்தே அங்கே சொல்லிவிடுவார்கள். மாட்டுக் குடலில் வாழும் கிருமி வேறு, மனிதக் குடலில் வாழ்வது வேறு. அதை அவள் பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் போய்ச் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஜமீலாவுக்கு இரண்டு எருமைகள். கோர்படியில் அந்த வரிசைக்கே அவள் பால்தான். அவளுடைய தபேலா என்கிற தகர மாட்டுக்கொட்டகையை ஒட்டிக் கிணறு, கிணற்றுக்குப் பின்னால் பன்னிரண்டு மாடிக் குடியிருப்புச் சொசைட்டி. கிணற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றிப் புழங்கிய சொசைட்டியில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. வார்டு ஆபீசில் சோதித்தார்கள், மலக்கிருமி இருந்தது. தபேலாவை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

சொசைட்டி செக்ரட்டரி பக்தவத்சலம் சென்னைக்காரர். மராத்தி பேசும் அந்த ஊரில் தமிழிலேயே வந்து பேசினார்.

"ஏம்மா, எங்களுது எல்லாம் குழாயோட போயிடுது. வெளியில கெடக்கறது உங்க சாணிதானே?"

"சாணிய நான் வித்துடறேன் சார். உங்களுத நீங்க என்ன பண்றீங்க?"

அவர் சிரிக்கவில்லை.

ஜமீலாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். "மாட்ட ரெண்டு வாரம் கசார்வாடில என் நாத்தனார் வீட்ல கட்டறேன் மணி. மாடே இல்லாதப்பவும் தண்ணியில கிருமி இருந்தா, யார் மேல போடுவாங்க? அப்புறம் உங்க லேப்ல அது யாரோடதுன்னும் சொல்லட்டும்."

லேபில் சோதனை செய்யும் பிரியம்வதா கோயம்புத்தூர் பெண். வார்டு இன்ஸ்பெக்டரிடம் பேசி ஒப்புதல் வாங்கினாள். "மொதல்ல கிருமி இருக்கான்னு பார்ப்போங்க. இருந்தாத்தான் யாரோடதுன்னு பாக்க முடியும்." மாடுகள் போய் இரண்டு வாரம் ஆனபோது, தண்ணீர் எடுத்து வரும் ஆள் லீவு. மூடி முத்திரையிட்ட ஒரு பாட்டிலை ஆரோக்கியமணியிடமே கொடுத்தாள். "காலைல மொண்டுட்டு வந்துடுங்க மணிக்கா. வாயில விரல் படக்கூடாது."

முந்தின நாள்தான் யாரோ கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தார்கள். காலையில் அந்த வாடை மூக்கைத் துளைத்தது. ஆரோக்கியமணி மூடியைத் திறந்தாள். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

சோப்பு. அவள் கழுவிய பாட்டிலில் சோப்பு.

இதை மேடம் பார்த்தால் ஆறு வருடப் பெயர் என்னாவது? கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரால் மூன்று தடவை அலசினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. பிறகுதான் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினாள். லேபுக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மாடு இருந்தபோது கிருமி இருந்தது. மாடு போனதும் இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான்காம் நாள் தபேலாவின் தகரத்தைப் பிரித்துப் போட்டார்கள். மாடுகள் கசார்வாடியிலேயே விலை போயின.

ஒரு வாரம் கழித்து, தான் கழுவிக் காயவைத்த பாட்டில்களில் பிரியம்வதா ஏதோ சொட்டுவிடுவதை ஆரோக்கியமணி பார்த்தாள். அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"அது என்ன மேடம்?"

"பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணின்னா, அது பாட்டிலுக்குள்ளயும் கிருமியக் கொன்னுட்டே இருக்குமுங்க. இங்க வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் செத்துரும். இது அதை நிறுத்தற மருந்து. காஞ்சா அடியில வெள்ளையா நிக்கும்."

ஆரோக்கியமணி கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

பிரியம்வதா குழாயை மூடினாள். "மூணு தடவையா?"

"சுத்தமா கழுவினேன் மேடம்."

பிரியம்வதா தானே போய் மறுபடி தண்ணீர் எடுத்தாள். கிருமி இருந்தது, ஏராளமாக. அடுத்த சோதனையையும் செய்தாள். மனிதனுடையது. மாட்டினுடையது துளிகூட இல்லை. வார்டு ஆபீசுக்கு அனுப்பினாள். விஷயம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. சொசைட்டியின் கழிவுக் குழாயைத் தோண்டிப் பார்க்க யாரும் வரவில்லை. தபேலா இருந்த இடத்தில் பைக்குகள் நின்றன.

ஆரோக்கியமணி அந்தச் சோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜமீலா வீட்டுக்குப் போனாள்.

"எங்க மாட்டுது இல்லன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா."

"அப்ப அன்னிக்கு ஏன் ஒண்ணுமே இல்லன்னு வந்துச்சு?"

பிளீச்சிங் பவுடர்தான் காரணம் என்று சொல்லலாம். மெஷின் தப்பு என்று சொல்லலாம். ஜமீலாவுக்கு எது தெரியப் போகிறது?

"நான் பாட்டிலக் கழுவிட்டேன்க்கா. அடியில இருந்தது மருந்துன்னு தெரியாது. அழுக்குன்னு நினைச்சேன்."

ஜமீலா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது. டீயைக் கொண்டுவந்து ஆரோக்கியமணி முன்னால் வைத்தாள்.

"நல்லா கழுவின டம்ளர்தான். குடி."