ஆமை காப்பாற்றிய அழைப்பு

அத்தான் இன்று எழுந்து நடமாடி, டீயில் சர்க்கரை போதவில்லை என்று அக்காவிடம் மல்லுக்கட்டுகிறார் என்றால், அதற்கு ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் டாக்டருக்கும் நன்றி சொல்ல வேண்டும். சொல்லியாகிவிட்டது. மிச்சம் எங்கள் ஆபீஸ் ஆமைக்கு.

ஆமை என்பது என் பக்கத்து இருக்கைக்காரருக்கு நான் வைத்த பெயர். இருவருக்கும் ஒரு செல்போன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அழைப்புகளை இணைக்க முன்பு பெரிய பெரிய இயந்திரங்கள் செய்த வேலையை இப்போது சின்னச் சின்ன மென்பொருள் கண்டெய்னர்கள் செய்கின்றன. எது எந்த சர்வரில் ஓட வேண்டும், ஒன்று படுத்துவிட்டால் எதை எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் குபர்னெட்டீஸ் என்கிற மென்பொருள் மேஸ்திரி பார்த்துக்கொள்கிறது. அதனால் பட்டப்பகலிலேயே ஒரு சர்வரைக் காலி செய்து பழுது பார்க்கலாம். புது அழைப்புகள் வேறு சர்வருக்குப் போய்விடும். நடந்துகொண்டிருக்கும் பேச்சு முடிந்ததும் பழைய கண்டெய்னர் மூடிக்கொள்ளும்.

அதற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மேஸ்திரி அரை நிமிடம் பொறுத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும். ஆமை அதை ஒரு மணி நேரமாக மாற்றி வைத்திருந்தார். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

அன்று மத்தியானம் ஒரு சர்வரில் எல்லாம் காலியாகி, ஒரே ஒரு கண்டெய்னர் மட்டும் அசையாமல் நின்றது. அதில் ஒரே ஒரு அழைப்பு. பழுது பார்க்க வந்தவர் சர்வர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேலாளர் எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்.

"யாரோ காதலர்கள் கொஞ்சிக்கிட்டு இருக்காங்க. வெட்டி விடறேன். வேணும்னா திரும்பக் கூப்பிட்டுக்கட்டும்" என்று, கட்டாயமாக மூடும் கட்டளையை அடித்தேன். என்டரைத் தட்டுவதுதான் பாக்கி.

ஆமை நாற்காலியோடு உருண்டு வந்து என் கீபோர்டை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சினா கொஞ்சட்டும். யாருன்னு நமக்குத் தெரியாதுல்ல? பேசி முடிக்கட்டும்."

"உங்களோட குப்பை கொட்ட முடியாது சார்! மேலாளருக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

சொல்லப் போனார். அவர் திட்டு வாங்குவது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தேன். ஒரு வழியாக அந்த அழைப்பு முடிந்து, கண்டெய்னர் தானாக மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். குரலே அவள் குரலாக இல்லை.

"அத்தான் சமையலறையில அப்படியே சரிஞ்சுட்டாருடி. மூச்சில்ல. அவசர நம்பருக்கு அடிச்சேன். அந்தப் பொண்ணு போன்லயே இருந்து, நெஞ்சுல எங்க அழுத்தணும், எப்படி அழுத்தணும்னு கூடவே எண்ணிக்கிட்டு இருந்தா. ஆம்புலன்ஸ் ஆளுங்க உள்ள வந்தப்புறம்தான் வச்சா. மூச்சு வந்துடுச்சுடி! நடுவுல லைன் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"எப்பக்கா போனை வச்சே?"

"இப்பத்தான். அவரை வண்டியில ஏத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடினேன். ஆமைதான் என் பையை எடுத்துக் கொடுத்து, டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அந்த ஒற்றை அழைப்பு அக்காவுடையதுதானா என்று பதிவுகளைக் கிளறிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அது அக்காவாக இல்லாவிட்டாலும் அவர் கீபோர்டை இழுத்துத்தான் இருப்பார்.

அத்தான் வீடு திரும்பியதும் ஆமையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றி என்று ஆரம்பித்தவளுக்கு அழுகை முந்திக்கொண்டது. அவர் கூச்சத்தில் நெளிந்து, "ஆமைன்னு கூப்பிடறதை மட்டும் விட்டுடாதீங்க, பழகிப்போச்சு" என்றார்.

நேற்று இன்னொரு சர்வரைக் காலி செய்தோம். இந்த முறையும் கடைசியில் ஒரே ஒரு அழைப்பு மிஞ்சியது. மேலாளர் வந்து என் தலைக்குப் பின்னால் நின்றார்.

"இன்னும் எதுக்கும்மா காத்திருக்கோம்?"

நான் கீபோர்டை மேசையின் மறுமுனைக்குத் தள்ளி வைத்தேன்.

"யாரோ பேசிட்டிருக்காங்க சார்."