திரும்பிப் பார்த்த வெளிச்சி

நெடுமடை அணையில் விரால் மீன்கள், தூண்டிலைக் கடிப்பதற்கு முன், அதில் மாட்ட நான் செய்யும் ரப்பர் மீனைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அதற்கான நாட்கள். விரால் மேலே வந்து காற்றை விழுங்கும் இனம் என்பதால், கரையேறி என் பட்டறைவரை வருவதில் சிரமம் ஒன்றும் இல்லை. வந்தால் உட்கார வாசலில் ஈரச்சாக்கு விரித்திருப்பேன். வெயில் ஏறினால் மேலே ஒரு சொம்பு தண்ணீர். அதற்கு மேல் உபசாரம் கிடையாது. உபசாரம் செய்தால் பேரம் கெட்டுவிடும்.

தின்ற மீன் எதையும் விரால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தப்பிப் போன மீனைத்தான் கேட்கும். அதன் நீளம், நிறம், எந்தப் பக்கம் செதில் உரிந்திருந்தது என்றெல்லாம் சொல்லும். சொன்னபடி செய்து கொடுத்தால் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொண்டால் கடித்தே ஆக வேண்டும். கடித்தால் தூண்டில்காரர் கொண்டுபோய்விடுவார். அது தெரிந்துதான் வருகின்றன.

பெரும்பாலும் கேட்பது வெளிச்சி என்ற பொடிமீன். விரல் நீளம், வெள்ளித் தகடு போன்ற உடம்பு. பிளாஸ்டிக் கூழை அடுப்பில் வைத்தால் முதலில் பால்போல இருக்கும், பிறகு இறுகும், பிறகு கண்ணாடிபோலத் தெளியும். தெளிந்த அந்தக் கணத்தில் மினுக்குத் தூளும், எடைக்குக் கொஞ்சம் பொடியுப்பும் கலந்து அச்சில் ஊற்ற வேண்டும். வாலின் அடியை மெல்லிசாக விட்டால் தண்ணீரில் தானாக ஆடும். இதை எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு, தரகர்களிடம் ஏமாந்து, இரண்டு பேரை அடித்து, நாலு பேரிடம் அடிவாங்கிக் கற்றது. அவர்களிடம் கற்ற இன்னொன்று, பேரத்தில் முதலில் எண் சொன்னவன் தோற்றான் என்பது.

அந்த மீனுக்குக் கண் வைப்பது என் மனைவி பிரம்மநாயகி, எனக்குப் பிரமு. ஊசிமுனையில் மை தொட்டு ஒரே குத்து. அவள் அந்தச் சமயம் மறுகரையில் அக்காள் வீட்டில் இருந்தாள். அக்காள் மகள் வளைகாப்புக்குப் பத்து நாள் போய்வருகிறேன் என்றாள். நான் நாலு நாளாகக் குறைத்தேன். பையை எடுத்துக்கொண்டு போனாள். ஐந்தாம் நாள் பரிசல்காரரிடம் சொல்லி அனுப்பினாள்: "இன்னும் எத்தன நாள்னு அவரையே சொல்லச் சொல்லுங்க." நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அவள் வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு விருப்பம் எதுவும் இல்லை. ஆனால் பேரத்தின் விதி விதிதான்.

ஆடி மாதத்தில் ஒரு கிழட்டு விரால் வந்தது. முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். சாக்கில் உடம்பை வளைத்து உட்கார்ந்து, மதகுக்குப் பக்கத்தில் தப்பிப் போன வெளிச்சி ஒன்றைச் சொன்னது. கண்ணையும் நானே வைத்துச் செய்தேன். வேண்டாம் என்றது. மறுபடி செய்தேன். வேண்டாம். ஏழாவது தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன வே, விளையாடுதீரா? நீளம் சரி, நிறம் சரி. வயசாயிட்டு, கண்ணு தெரியலன்னு சொல்லிட்டுப் போமே!"

"எனக்குக் கண்ணு தெரியும் அண்ணாச்சி. உம்ம மீனுக்குத்தான் தெரியல."

மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். மினுக்குத் தூள் பறந்து விராலின் தலையில் படிந்தது. அது பொறுமையாக இருந்தது.

"பாசிக்குள்ள நுழையுததுக்கு முன்னால அது ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு," என்றது.

"பயந்து பாத்திருக்கும்."

"பயம் இல்ல. கூப்பிட்ட மாதிரியும் இல்ல. வந்தா வா, நான் இங்கனதான் இருப்பேன்னு ஒரு பார்வ. அதுக்கப்புறம் நான் எத்தனையோ தின்னுட்டேன். வயிறு நெறயுது, அவ்வளவுதான்."

அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பிரமு படியிறங்கிப் போனபோது திரும்பிப் பார்த்தாளா என்றுகூடத் தெரியாது. நான் அடுப்பில் கூழ் தெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை வாரும்," என்றேன்.

"நீர் பதிலுக்கு ஒண்ணும் கேக்கலியே, பேரம் கெடையாதா," என்றது விரால்.

"போம் வே."

மறுநாள் காலை பரிசலில் ஏறினேன். பரிசல்காரர் கூலியைச் சொன்னார். நான் குறைக்கவில்லை. அவர் துடுப்பைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்து வெகுநேரம் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டுத் தானே கொஞ்சம் குறைத்துக்கொண்டு பரிசலைத் தள்ளினார்.

அக்காள் வீட்டு முற்றத்தில் பிரமு பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். வளைகாப்பு நடந்தபோது அக்காள் மகள் வயிற்றில் இருந்த குழந்தை இப்போது அவளைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தது. அவள் தலை நிமிரவில்லை. முறத்தின் சத்தம் மட்டும் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

வழி நெடுக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வேலை குவிந்து கிடக்கிறது என்று தொடங்கலாம், மழை வரும்போல் இருக்கிறது என்று தொடங்கலாம்.

"ஏட்டி," என்றேன். "எத்தன நாள்னு கேட்டேல்ல, ஒரு நாள்கூட இல்ல. இன்னைக்கே வா."

முறம் நின்றது.

"நாளைக்கு," என்றாள்.

"சரி."

"நாளைக்குச் சாயங்காலம்."

"சரி."

"சரியா?" என்றாள். "ரெண்டு சரி சொல்லியாச்சு. காய்ச்சல் கீய்ச்சல் இல்லியே? அக்கா, இவருக்கு ஒரு தம்ளர் மோர் குடு." பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் பயறைப் புடைக்கத் தொடங்கினாள். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. பிய்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சொன்னபடியே வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாள். பையை மூலையில் வைத்தாள், பிரிக்கவில்லை. நான் விரால் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். வந்தா வா, நான் இங்கனதான் இருப்பேன். சூடு ஆறாத வெளிச்சியை இடது கையில் பிடித்து, ஊசியை மையில் தொட்டு ஒரே குத்தில் கண் வைத்தாள்.

நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

வெள்ளிக்கிழமை விரால் வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அதன் தாடை இரண்டு முறை திறந்து மூடியது.

"இதான்," என்றது. "வாரும்."

மதகுப் பக்கம் நானே எறிந்தேன். தூண்டில் நரம்பைச் சுற்றச் சுற்ற வெளிச்சி வாலாட்டிக்கொண்டு வந்தது. பின்னால் தண்ணீர் மேடுகட்டியதுபோல விரால் வந்தது. வாய் திறந்தது. ஒரு விரற்கடைதான் இடைவெளி. அப்போது வெளிச்சி கொக்கியிலிருந்து உருவிக்கொண்டு, பாசி ஓரத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. என் நரம்பில் வெறும் கொக்கி வந்தது.

விரால் மேலே வந்து காற்றை விழுங்கியது.

"பாத்தீரா அண்ணாச்சி? அன்னைக்கும் இப்படித்தான். அச்சு அசலா இப்படித்தான்!"

ஒப்பந்தப்படி அது கடித்திருக்க வேண்டும். வேறு விராலாக இருந்தால் கரையில் இழுத்துப்போட்டுக் கேட்டிருப்பேன். கிழடு இன்னும் இரண்டு வாய் காற்று விழுங்கிவிட்டு, பாசியைப் பார்த்தபடி அங்கேயே நின்றது. நான் நரம்பைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பை மூலையில் காலியாகக் கிடந்தது. பிரமுவின் சேலைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

"வாயப் பொளந்துட்டு நிக்காதேயும், சோறு ஆறுது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை முதல் ஆளாக வந்தது அந்த வெளிச்சி. கொக்கி உருவிய இடத்தில் வயிறு கிழிந்திருந்தது. மற்றபடி நல்ல நிலையில் இருந்தது. ரப்பர் என்பதால் அதற்கு ஈரச்சாக்கு தேவைப்படவில்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அண்ணாச்சி, என்னைத் தொரத்திட்டு ஒருத்தர் வந்தாரு. அவர மாதிரி ஒண்ணு செஞ்சு தரணும்."

"எத்தனை நீளம்?" என்றேன்.

"அதெல்லாம் பாக்கல. வாய் மட்டுந்தான் ஞாபகம் இருக்கு."

"எவ்வளவு தொறந்திருந்துச்சு?" என்று பிரமு கேட்டாள்.

வெளிச்சி மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நகர்ந்து காட்டியது. அவ்வளவு பெரிய வாய்க்குக் கூழ் காய்ச்சப் பட்டறையில் பாத்திரம் இல்லை. மூன்று தெரு தள்ளி, கல்யாண வீடுகளுக்குக் கொப்பரை வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் இருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.