லோரன்ஸின் குவளை

பட்டாளத்திலிருந்து வந்த பட்டியலில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. லோரன்ஸின் குவளையில் மட்டும் வால்புர்கா இருபத்து மூன்றாவதாக ஒரு பெயரை எழுதியிருந்தாள்.

செப்டம்பரில் சேவை முடிந்து வீடு திரும்பும் பையன்கள் ஆளுக்கொரு பீர் குவளை செய்யச்சொல்லி வாங்கிக்கொள்வார்கள். மேலே ஈய மூடி, நடுவில் ஜெர்மானியப் பேரரசர் கெய்சரின் படம், சுற்றிலும் ஒரே கொட்டடியில் படுத்துறங்கிய அத்தனை பேருடைய பெயரும். வெஸ்டர்வால்ட் மலையில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை, சூளை இல்லாத தெருவும் இல்லை. இருபது வருடமாக யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் பெயரை எழுதியே வால்புர்கா வயிறு வளர்த்தாள். இந்த வருடம் அவள் பெற்ற பிள்ளை எவால்டின் பெயரும் வரவேண்டியது. மார்ச் மாதம் அவன் குதிரை லாயத்தில் தூக்கு மாட்டிக்கொண்டான். என்ன ஏது என்று கேட்டுப் போனவளிடம், மனத்தெம்பு இல்லாத பையன் என்று சொல்லி அவனுடைய பூட்ஸைக் கொடுத்து அனுப்பினார்கள். தெம்பு இல்லாதவனாம்! பன்னிரண்டு வயதில் களிமண் வண்டி இழுத்தவன்.

லோரன்ஸ் அதே தெரு. இருவரும் ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போனவர்கள். சனிக்கிழமை மத்தியானம் விடுப்பில் வந்தவன் நேராகப் பட்டறைக்குள் நுழைந்தான்.

"வாடா. உன்னோடதப் பாரு. இன்னும் சூளைக்குப் போகல, எழுத்து மேல விரல் படாமப் புடி. இப்ப தொட்டா அழிஞ்சிரும்."

உதட்டை அசைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தான். கடைசிப் பெயரில் உதடு நின்றது.

"இது பட்டியல்ல இல்லையே, அத்தை."

"உனக்குமாடா அவன் வேண்டாம்?"

லோரன்ஸ் குவளையை மேசையில் வைத்து, பெயர் தெரியாதபடி திருப்பினான்.

"அழிச்சிடு அத்தை. அது கண்ணு முன்னால இருந்தா எனக்கு ஒரு வாய் இறங்காது."

"ஏன்?"

"அணிவகுப்பு நடையில அவனுக்குக் கால் பிசகும். அதுக்கு சார்ஜென்ட் எங்க எல்லாரோட ஞாயித்துக்கிழமை லீவையும் புடுங்கிக்குவான். அப்புறம்... ராத்திரி எவால்ட் தலையில போர்வையப் போட்டு, பெல்ட்டால... எல்லாரும்தான். ஒதுங்கி நின்னா அடுத்த போர்வை நமக்கு."

"எத்தனை வாட்டி?"

லோரன்ஸ் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டான்.

"நீயும் அடிச்சியா?"

"அடிக்கல. அவன் திமிறாம காலப் புடிச்சுக்கிட்டேன்."

வால்புர்கா திரும்பிப் பார்த்தாள். அலமாரியில் மற்ற இருபத்தொரு குவளைகள் வரிசையாக நின்றன. அத்தனையிலும் அத்தனை பெயரையும் அவள்தான் எழுதியிருந்தாள், ஓர் எழுத்துப் பிசகாமல், சுழி வைத்து, அழகாக. எல்லாவற்றையும் தரையில் போட்டு உடைக்கவேண்டும்போல் இருந்தது. எழுந்தவள் லோரன்ஸின் குவளையை மட்டும் எடுத்து, மகனின் பெயர் அவன் பக்கம் இருக்கும்படி திருப்பிவைத்தாள்.

"நீயே துடை."

"அத்தை..."

"துடைடா."

லோரன்ஸ் கட்டைவிரலை வைத்து இழுத்தான். பாதிப் பெயர் கறுப்பாக அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. கையை எடுக்கப் போனான். குவளை அசையாமல் இருக்க வால்புர்கா அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் இருக்கு," என்றாள்.